எர்மெலிந்தாவின் குதிகால்

எரிமலைமேல் சறுக்குப் பலகை சுமப்பதில் எர்மெலிந்தாவை மிஞ்ச எங்கள் லெயோன் ஊர்ப் பக்கத்தில் ஆள் கிடையாது. செர்ரோ நெக்ரோ எரிமலையின் முகட்டில் காற்று ஆளையே தூக்கும். சறுக்கிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலகையைக் காற்றுக்கு நேரே பிடித்துத் தள்ளாடுவார்கள். இவளோ இரண்டு பலகைகளை முதுகோடு படியக் கட்டிக்கொண்டு, காலடியில் புகைகிற கந்தகத்தைச் சட்டை பண்ணாமல் நடப்பாள். உச்சியில் அவற்றைக் கொடுத்துவிட்டு, கரிச்சரளையில் குதிகாலை ஊன்றி ஊன்றி ஓடியே இறங்குவாள். உட்கார்ந்து சறுக்குவதெல்லாம் வேலையற்றவர்களின் கூத்து என்பது சுமைகாரர்களின் எண்ணம்.

அந்தக் கூத்தைத்தான் அவள் கேட்டாள். பிள்ளைகளோடு சறுக்கி இறங்கும் வழிகாட்டி ஒருவன் வேலையை விட்டதும், வழிகாட்டிகளின் தலைவர் நிக்கானோர் முன்னால் போய் நின்றாள்.

"விழாம சறுக்கிக் காட்டு, வேலை உனக்கு. இன்னைக்குள்ள முடியலன்னா வேற ஆள் பாத்துருவேன்" என்றார் அவர்.

அவள் புருஷன் பிதென்சியோவும் சுமைகாரன்தான். "அடுப்படியிலயே வழுக்கி விழுவா. மலையில சறுக்கப் போறாளாம்" என்றான்.

முதல் தடவை பாதி வழியில் பலகை கவிழ்ந்தது. அவள் உருண்டாள். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிக்கக்கூட வழியில்லை, பல்லிடுக்கெல்லாம் கரி.

"பலகை வந்துருச்சு. பொண்டாட்டிதான் இன்னும் வந்துட்டிருக்கா" என்று பிதென்சியோ சொல்ல, அடிவாரத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

தப்பு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊன்றியே பழகிய குதிகால், உட்கார்ந்த பிறகும் ஊன்றுகிறது. கவிழாமல் என்ன செய்யும்? பலகையை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். இந்தத் தடவையும் முதுகில் ஒரே பலகைதான், அவள் சறுக்குவதற்கு.

வெயில் சாயத் தொடங்கியபோது உச்சியிலிருந்து புழுதி கிளம்பியது. குதிகாலைத் தூக்கி, உள்ளங்காலால் மட்டும் சரளையைத் தடவிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி வந்தாள். எங்களைத் தாண்டிப் போய்த்தான் நின்றாள். கூடச் சுமக்கிற எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"காலையில வேலைக்கு வந்துரு" என்றார் நிக்கானோர்.

பிதென்சியோ மெல்லப் போய் அவள் பலகையைக் கையில் எடுத்தான். "இன்னொரு தடவை போறியா? நான் சுமந்துட்டு வரேன்."

அவள் கரியைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அப்ப ரெண்டா எடு. நீயும் சறுக்கணும். குதிகாலை எங்க வைக்கணும்னு நான் சொல்லித் தரேன்."