பெற்றோரைப் பேசவைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைவடைகிறது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்த மலரில் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று அத்தான் என்னைக் கேட்டுக்கொண்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார். நல்லதை மட்டும் எழுதினால் அது அக்காவைப் பற்றியதாக இருக்காது என்று நான் சொன்னேன். அத்தான் சிறிது யோசித்துவிட்டு, சரி, உன் இஷ்டம் என்று சொல்லிப் போய்விட்டார். அக்காவோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு விட்டுக்கொடுப்பது பழகிப்போயிருக்கிறது.

அக்கா பிறந்தது வித்துராவுக்கு மேலே, பொன்முடி போகும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில். அப்பா அங்கே அலுவலகக் குமாஸ்தா. பூர்வீகம் மார்த்தாண்டம் பக்கம். அக்காவுக்கு ஆறு வருடம் கழித்து நான். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், வேதப்புத்தகமும் தமிழ் என்று வளர்ந்தோம். அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அம்மாவையும் என்னையும் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து, வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பிடித்து, டியூஷன் எடுத்துக்கொண்டே டிகிரியும் பி.எட்.டும் முடித்தவர் அக்கா. நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்து அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவரால்தான். இதை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை.

பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை ஆனார். சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை ஒன்றில் வேலை பார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். ஷீபா பிறந்தாள். நானும் அவர்களோடே இருந்தேன். எல்லாம் ஊர் உலகத்தைப் போல நடந்துகொண்டிருந்தது. அப்படி நடந்தால் அக்காவுக்குப் பொறுக்குமா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீபா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மழை ஏன் பெய்கிறது என்று அவளிடம் கேட்டார். அவள் நாலு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, அதை டீச்சர் சொல்லித் தரவில்லை, கேட்டால் உட்காரச் சொல்லுவார்கள் என்றாள். அக்கா அந்த வாரமே வேலையை ராஜினாமா செய்தார். ஷீபாவையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். இனி வீட்டிலேயே படிப்பு, வேதத்தோடு சேர்த்துப் படிப்பு என்றார்.

குடும்பத்தில் எழுந்த கூச்சல் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீங்கள்தானே போட்டீர்கள். மார்த்தாண்டத்திலிருந்து சித்தப்பா புறப்பட்டு வந்தார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். சர்ட்டிபிகேட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாம் என்று விதிமுறைப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார் அக்கா. அவரோடு வாதாடிப் பயனில்லை. எல்லாக் கேள்விக்கும் அவரிடம் ஒரு தாள் இருக்கும்.

இதில் அதிசயம் என்னவென்றால், எங்கள் சபையிலேயே இன்னும் நாலு குடும்பங்கள் அக்காவைப் பின்பற்றின. அதில் ஒன்று செல்வராணியின் குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். கணவர் கொத்தனார், செல்வராணி சித்தாள். வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் வீடு மாறி மாறி, அவர்களுடைய மகள் ரூத்துக்கு இரண்டு வருடப் படிப்பு போயிருந்தது. அக்கா அவளையும் ஷீபாவோடு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

சில வருடம் கழித்து அக்காவுக்கு அடுத்த யோசனை வந்தது. வெளிநாட்டில் இருக்கும் அத்தானின் உறவினர் ஒருவர், கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பேச்சும் விவாதமும் கற்றுக்கொடுப்பது பற்றிய தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தார். அக்கா அதை மூன்று முறை படித்தார். பாதி அந்த நாட்டுக்குத்தான் பொருந்தும் என்று தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் பேச வேண்டும் என்றால் முதலில் பெற்றோர் எழுந்து நின்று பேசக் கற்க வேண்டும். பெற்றோர்தான் பயிற்சியாளர்கள். அவர்களுக்குத்தான் வகுப்பு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, சபையின் பக்கத்து ஹாலில் வகுப்பு தொடங்கியது. ஊரில் அதற்கு டிபேட் கிளாஸ் என்று பெயர். சனிக்கிழமை எனக்கு விடுமுறை கிடைத்தால் துணி துவைக்க வேண்டும், தலைக்குக் குளிக்க வேண்டும். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் குறிப்புகளை டைப் அடிக்க வேண்டும், நேரம் பார்த்து மணி அடிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. பிள்ளை பேசி முடித்ததும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக் கூடாது. அது சொன்ன காரணம் என்ன என்று முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் இரண்டு பக்கமும் பேச வேண்டும். எல்லாவற்றையும்விட, வசனத்தைச் சொல்லி மற்றவர் வாயை அடைக்கக் கூடாது. காரணத்தைச் சொல், பிறகு வசனத்தைச் சொல், அந்த வசனத்துக்கும் உன் காரணத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் சொல். இப்படி எத்தனை தாள் அடித்தேன் என்று கணக்கில்லை.

முதல் மாதம் ஒரு அண்ணாச்சி எழுந்தார். கட்டட ஒப்பந்தக்காரர், சபைக் கமிட்டியிலும் இருந்தவர். பிள்ளைகளை அடித்து வளர்க்கலாமா என்று மூன்று நிமிடம் பேச வேண்டும். அவர் இரண்டு வார்த்தை பேசினார், அதற்குமேல் வரவில்லை. கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நிமிடம் தாண்டியது. எட்டு நிமிடம் ஆனது. நான் மணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அக்கா என் கையிலிருந்து வாங்கி அடித்தார்.

"அண்ணாச்சி, கர்த்தர் கேட்டுட்டார். உங்க காரணத்தை நாங்க இன்னும் கேக்கல்ல, கேட்டீங்களா."

ஜெபத்துக்கு மணி அடித்த பெண் என்று அக்காவுக்குப் பெயராகிவிட்டது. மணி என் கையிலிருந்து போனதால் எனக்கும் அதில் பங்கு. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாதிப் பேர் எங்களைப் பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினார்கள்.

செல்வராணி முதல் மூன்று வாரமும் வாயைத் திறக்கவில்லை. நாலாவது வாரம் அக்கா அவரை எழுப்பி நிறுத்தினார்.

"எனக்குக் காரணமும் தெரியாதுக்கா, வசனமும் அவ்வளவா தெரியாது. எட்டாங் கிளாசுதான் படிச்சிருக்கேன். பிள்ள மனசுல உள்ளதச் சொல்லுதா, இல்ல நமக்காகச் சொல்லுதான்னு மட்டும் தெரியும்" என்றார் செல்வராணி.

"அதுதான் வேணும். பாக்கியெல்லாம் நான் படிப்பிக்கிறேன்" என்றார் அக்கா.

சொன்னபடி செய்தார். வேலை முடிந்து சிமெண்ட் தூசியோடு வரும் செல்வராணியை எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து, கேள்வி கேட்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். பதிலை நீ சொல்லாதே, கேட்டுக்கொண்டே இரு என்பார். சோறு பொங்கி வழிந்தாலும் இருவருக்கும் தெரியாது. அடுப்பை அணைப்பது என் வேலை.

இரண்டு வருடம் கழித்து, சபையார் எல்லோரையும் அழைத்து ஒரு விவாதம் நடத்துவது என்று அக்கா தீர்மானித்தார். கமிட்டி ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தது. அக்கா தேர்ந்தெடுத்த தலைப்பு, 'கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வீட்டுப் படிப்பே நல்லது.' வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நம்மிடம் பதில் இருக்கும்போது எதற்குப் பயம் என்றார். சீட்டுக் குலுக்கியதில் ஷீபாவுக்கு எதிர்ப்பக்கம் வந்தது. ரூத்துக்கு ஆதரவுப் பக்கம். பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது அக்காவே போட்ட சட்டம். எனவே ரூத்துக்கு அக்கா, ஷீபாவுக்குச் செல்வராணி. சீட்டை மாற்றிவிடு என்று நான் கெஞ்சினேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று ஹால் நிறைந்துவிட்டது. நடுவர்கள் மூன்று பேர்: போதகர் ஐயா, ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர், நான். நான் எதற்கு என்று கேட்டேன். நீ எனக்குச் சாதகமாகச் சொல்ல மாட்டாய் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் என்றார் அக்கா.

ரூத் நன்றாகவே பேசினாள். அக்கா சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு காரணமும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு ஷீபா எழுந்தாள். பதிமூன்று வயது. கையில் தாள் இல்லை. பொதுவாகச் சில காரணங்களைச் சொல்லிவிட்டு, இப்படிச் சொன்னாள்:

"ஸ்கூலுக்குப் போற பிள்ளைகளுக்கு டீச்சர் வேற, அம்மா வேற. டீச்சர் ஏசினா வீட்டுக்கு வந்து அம்மாட்ட சொல்லலாம். எனக்கு டீச்சர் ஏசினா நான் யாருட்ட சொல்ல? காலையில எட்டு மணி முதல் நாலு மணி வரை எனக்க வீட்டில அம்மா இல்ல."

 அவளுடைய குரலில் போட்டிக்குப் பேசுகிற தொனியே இல்லை. செல்வராணி தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்ல ரூத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. ரூத் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நடுவர்களும் ஷீபா பக்கம்தான் எழுதினோம்.

கமிட்டிக்காரர்கள் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். சொன்னோம் இல்லையா என்று சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். அக்கா மூன்று நாள் ஷீபாவோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. அத்தான் பாவம், ஒரு தவறும் செய்யாதவர், அவரோடும் பேசவில்லை. எல்லோரையும் பேசவைப்பதற்காக ஊரைக் கூட்டியவர், தன் பிள்ளை பேசியதும் வாயைப் பூட்டிக்கொண்டாரே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை அவரிடமே சொன்னேன். எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் செல்வராணியைக் கூப்பிட்டனுப்பினார். நானும் இருந்தேன்.

"அதை நீ எழுதிக் குடுத்தியா?"

"ஒரு வரிகூட எழுதலக்கா. கேட்டேன், அவ்வளவுதான். பதில நீ சொல்லாத, கேட்டுக்கிட்டே இருன்னு நீங்கதான சொன்னீங்க."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். பிறகு செல்வராணிக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, நல்ல மழையில், ஷீபாவை எட்டாம் வகுப்பில் சேர்க்க அவரே கூட்டிப் போனார். தோற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. போகலாம் வா என்று மட்டும் சொன்னார்.

இனியாவது சனிக்கிழமை எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். எங்கே! வீட்டுப் படிப்பு நின்றது, வகுப்பு நிற்கவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோரும் வரத் தொடங்கினார்கள். பழுதுபார்க்கிறோம் என்று கமிட்டி ஹாலைப் பூட்டியது; வகுப்பு எங்கள் முன்னறைக்கு வந்தது. மார்த்தாண்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். செருப்புகளைத் தாண்டி வீட்டுக்குள் நுழைய முடியாது. மேசைக்கு முன்னால் பாதி நாள் செல்வராணி நின்றார், அக்கா ஓரமாக உட்கார்ந்து குறை கண்டுபிடித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்கு நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் ஒரு சிகிச்சையைச் சொன்னால் அது வேண்டாம் என்பதற்கான காரணத்தையும் அவரே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த டாக்டர் பொறுமைசாலி. நான் அவரிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியாது.

கடைசி வாரம் ஷீபா பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். ஒரு மத்தியானம், அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அக்கா அவளைக் கூப்பிட்டார்.

"மக்களே, அன்னைக்கு நீ சொன்னதுக்கு எனக்கிட்ட பதில் இல்ல. இல்லேன்னு அன்னைக்கே உன்ட்ட சொல்லியிருக்கணும். மூணு நாள் பேசாம இருந்தது எனக்க தப்பு."

"மதி, போதும் அம்மா, கஞ்சியைக் குடிங்க" என்றாள் ஷீபா.  கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். எனக்கு வந்தது கோபம்தான். அந்த விவாதத்துக்குப் பிறகும் பத்து வருடத்துக்குமேல் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோமே, ஒரு சனிக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா? கையில் ட்ரிப் ஏறுகிற நேரம் பார்த்தா சொல்ல வேண்டும்? அக்காவிடம் அதையும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். ஐந்தாம் நாள் காலை கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

அக்காவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன டாக்டருக்கும், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்ட நர்சுகளுக்கும், பக்கத்து அக்ரகாரத்திலிருந்து தினமும் ரசம் கொடுத்தனுப்பிய மாமிக்கும், அடக்க ஆராதனைக்கு ஹாலைத் திறந்துவிட்ட கமிட்டியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலைக்குப் போவதை விட்டுவிட்டு இரண்டு மாதம் அக்காவைக் குளிப்பாட்டிவிட்ட செல்வராணிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானுக்கு, எல்லாவற்றுக்கும் நன்றி. ஷீபாவுக்கு, அன்று பேசியதற்கும்.

எனக்குப் பேச்சு வந்த நாள் முதல் அக்காவோடு சண்டைதான். இந்த ஒரு வருடமாக யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை. நான் சொல்வதையெல்லாம் வீட்டில் சரி என்று கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தங்கை