என் மேஜையில் கொட்டிய கைப்பை

ஆறு வருடங்களுக்கு முன், மைசூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் மேலாளராக இருந்தபோது, திருடாத ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை.

தசராவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. பட்டுப் பிரிவில் ஒரு சேலை குறைந்தது. கடைசியாக அதை மடித்து வைத்தவர் நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு விற்பனைப் பெண். நட்ட நடுப்பகலில், வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கைப்பையை என் மேஜையில் கொட்டினேன். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, ரயில் பாஸ். அவ்வளவுதான். அதோடு விட்டேனா? யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பாய் என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் காலை தையல்காரர் அந்தச் சேலையைக் கொண்டுவந்தார். ஒரு வாடிக்கையாளரின் சேலைகளை ஃபால்ஸ் தைக்க அனுப்பியபோது, இதையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைத்தவன் நானே. பேசாமல் அலமாரியில் வைத்தேன். மேலாளர் தவறை ஒப்புக்கொண்டால் ஊழியர்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அன்று என் எண்ணம்.

அந்த மாதமே பட்டுப் பிரிவில் நான்கு பெண்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். 'ஆட்கள் தேவை' பலகையைப் பார்த்தும் யாரும் வரவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மூத்த விற்பனையாளர், முதலாளி போனதும் என்னிடம் வந்தார்.

"நஞ்சன்கூடு ரயில்ல நம்ம கடை பேரு ரொம்ப பேமஸ் சார். 'அந்த அங்கடியா, பேடாம்மா, வேண்டவே வேண்டாம், பையக் கொட்டிக் காட்டச் சொல்லுவாங்க'ன்னு சிரிக்கிறாங்க. காணாமப்போன சேலை மறுநாளே அலமாரிக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எவ சார் வருவா?"

எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டுக்குப் போனேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன்.

"கடையில எல்லார் முன்னாடியும் திருடின்னீங்க. மன்னிப்பு மட்டும் யாருக்கும் தெரியாம எங்க வீட்டு வாசல்லயா சார்?" என்றார். "வேற கடையில வேலை கேட்டேன். உங்க கடையில இருந்து ஏன் நின்னேன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

மறுநாள் அவரை வரவழைத்து, அதே மேஜை அருகில், ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் கேட்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சேலையை அனுப்பியவன் நான், மறுநாளே தெரிந்தும் மறைத்தவன் நான் என்றேன். முதலாளிக்கு முகம் கறுத்தது. அன்று பிற்பகலே அந்தப் பெண் வேலை கேட்ட கடைக்குப் போய், அங்கிருந்த மேலாளரிடமும் அதையே சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவரை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கடையில் ஊழியர்களின் பையைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அந்த வாரமே நிறுத்தினேன். நின்றுபோன நால்வரில் இருவர் திரும்பி வந்தார்கள். மற்ற இருவர் வரவில்லை. அந்தத் தசராவைப் பாதி ஆட்களோடு சமாளித்தோம்.

அந்தப் பெண் இன்று அந்தக் கடையில் பட்டுப் பிரிவுக்கே பொறுப்பாளர். எங்கள் கடைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதில் அவர்மேல் எனக்குக் குறையும் இல்லை. ஆட்கள் நிலைப்பதில்லை என்று புலம்பும் கடைக்காரர்களிடம் இப்போது நான் தயங்காமல் சொல்வது ஒன்றுதான்: உங்களை விட்டுப் போனவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். அப்படிப் போக எனக்கு ஒரு மாதம் ஆனதே, அந்த ஒரு மாதமும் ஒரு பெண் திருடி என்ற பெயரோடு வேலை தேடி அலைந்தாரே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.