வள்ளத்துப் பலகையில் ஒரு கட்டில்

பேத்திக்குக் கட்டில் செய்யப் போய், கரையில் கிடந்த வள்ளம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த மனிதன் நான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், மிச்சக் கதையை நான் நிம்மதியாகச் சொல்லலாம். பேய் பிசாசில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதுகூட மனைவி றோசியின் முகத்துக்காகத்தான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், பட்டப்பகலில் நடந்தது இது, நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம்.

மகள் டிலானி பிள்ளைப்பேற்றுக்காகப் பேசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதால், இந்த முறை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. றோசி செபமாலை சொன்னாள். நான் வாசித்தேன். குழந்தைக் கட்டில் பற்றி உலகம் எழுதியதையெல்லாம் கைப்பேசியில் வாசித்தேன். கம்பிகளுக்கு நடுவே சோடாப் போத்தல் நுழையக் கூடாது, மெத்தை கல்லுப்போல இருக்க வேண்டும், தலையணை ஆகாது, ஆடுகிற கால் ஆகவே ஆகாது. சேலையில் ஏணை கட்டினால் போதும் என்றாள் றோசி. கழுத்து மடியும், மூச்சு முட்டும் என்று அவளுக்கு ஒரு நீண்ட விரிவுரை நடத்தினேன். கடைக் கட்டில்களில் பூச்சு மணந்தது. பல் முளைக்கும் காலத்தில் பிள்ளை விளிம்பைக் கடிக்குமே, அந்த நஞ்சு வயிற்றுக்குள் போகாதா? ஆகவே பூச்சே இல்லாத, நன்றாகக் காய்ந்த பழைய மரம் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

நான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரன், கலியாணம் முடித்துப் பேசாலைக்கு வந்தவன். கடலோடு எனக்கிருந்த உறவு மீன்குழம்போடு சரி. கொண்டச்சிக்கு ஓர் அலுவலாகப் போனபோது கரையில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டேன். வெயிலும் உப்பும் தின்று வெள்ளி நிறமாகிப்போன பலகை, பூச்சென்று ஒரு பொட்டும் இல்லை. பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் விசாரித்தேன்.

"எங்கட ஆக்கள் அதைத் தொடுறதில்ல சேர். வேணுமெண்டா கொண்டு போங்கோ. பிறகு எங்களைக் கேக்காதேங்கோ."

இவ்வளவு நல்ல மரத்தை வீணாக்குகிறார்களே என்று அவர்களுக்காக நான் பரிதாபப்பட்டேன். பட்டணத்துத் தச்சர் ஒருவர் நான் சொன்னபடியே, ஆடாத அசையாத நான்கு தடித்த கால்களோடு கட்டிலைச் செய்து தந்தார். பேத்தி பிறந்தாள். அந்தக் கட்டிலில் போட்ட உடனே தூங்கினாள். வந்தவர்களிடமெல்லாம் என் வாசிப்பின் பெருமையைப் பேசினேன்.

பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்காத காலம். அன்று மத்தியானம் றோசி கோயிலுக்குப் போயிருந்தாள், டிலானி கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை, காற்றும் இல்லை. நான் கட்டிலுக்கருகே கதிரையில் பேப்பரோடு காவல் இருந்தேன். மரம் மெல்ல முனகுவது கேட்டது. நிமிர்ந்தால், பிள்ளையின் தலை இந்தப் பக்கம் சாய்கிறது, பிறகு அந்தப் பக்கம் சாய்கிறது. கால்மாட்டில் நான் வைத்திருந்த பால்போத்தல் உருண்டு போய்க் கம்பியில் முட்டுகிறது, திரும்பி வந்து மறுபக்கக் கம்பியில் முட்டுகிறது. கட்டிலின் கால்களோ தரையில் அப்படியே நிற்கின்றன.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். நான் வாசிக்கிறவன் அல்லவா, பரிசோதனை செய்தேன். குசினிக்குப் போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. அதையே கட்டிலின் தலைப்பலகையில் வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி இறங்கி, மறுபக்கம் ஏறி, வழிந்தது. கண் பிழைத்திருக்குமோ என்று மறுபடியும் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

வந்தபோது போத்தல் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிள்ளையும் உருண்டு கம்பியில் மோதியிருக்க வேண்டும். அவளோ இம்மியும் நகரவில்லை. தலைகூட இப்போது ஆடவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில், என்னைவிடக் கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையைப் போட்டுவிட்டு அவளை அள்ளினேன். ஒருவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கும்போது, அவருடைய கை அடியிலிருந்து மெதுவாக விலகுவது தெரியும் அல்லவா? அது தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. முனகல் நின்றுவிட்டது. விரிப்பில் பிள்ளை கிடந்த இடம் காய்ந்திருந்தது, அதன் இரு பக்கமும் ஈரம். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

றோசியின் தம்பி அந்தோனி தென்கடலில் மீன்பிடிக்கப் போய்க் கரையோர வாடிக் குடிசையில் தங்கியிருந்தவன், அடுத்த நாள் வந்தான். கட்டிலுக்குக் கீழே குனிந்து, பலகையிலிருந்த பழைய ஆணித் துளைகளைத் தடவிப் பார்த்தான்.

"அத்தான், இதை எங்க எடுத்தனீங்கள்?"

"கொண்டச்சியில."

"ஐயோ, இது ஆளில்லாமல் தனிய கரைக்கு வந்த வள்ளம். அதில நாங்கள் ஒரு ஆணியும் பிடுங்க மாட்டம். அதில கடலுக்குப் போன மனிசன் தேடி வந்தால் அது அங்க கிடக்க வேணும்."

நான் உப்பு ஈரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"பிள்ளையின்ர மூத்திரமும் உப்புத்தான் அத்தான்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டான். அன்றே கட்டிலை ஏற்றிக்கொண்டுபோய், வள்ளம் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான். டிலானி பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூட்டைப்பூச்சி என்று சொல்லிவைத்தோம். றோசி ஏணை கட்டினாள். நானே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

பேத்தி இப்போது நடக்கிறாள், பாயில் படுக்கிறாள். கச்சான் காற்று எழுந்து கடல் இரைகிற நாட்களில் மட்டும், தூக்கத்திலேயே பாயின் ஓரத்துக்கு ஒதுங்கி, மற்றப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகிறாள். நடுவில் இழுத்துப் போட்டாலும் திரும்ப ஒதுங்குகிறாள். அந்த வெற்றிடத்தில் என்னால் கை வைக்க முடிவதில்லை.

போன கிழமைதான் டிலானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பைத் தண்ணீர் சாய்ந்த கட்டத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அதெல்லாம் சரி அப்பா. நீங்கள் ரெண்டு தரம் குசினிக்குப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வருமட்டும் என்ர பிள்ளையை ஆர் பாத்தது?"