இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க

பேய் என்றால் ராத்திரிதான் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே நல்ல வெயில். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். தூக்கக் கலக்கம் என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் தூக்கக் கலக்கத்தில் குழந்தையின் எடை எப்படிக் கூடும்?

என் மனைவி பிரசவத்தில் இறந்தாள். குழந்தை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. குழந்தையைத் துடைத்து அவளிடம் காட்டினார்களாம். பார்த்தாளாம். மார்பில் போடுவதற்குள் அவளை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் பாட்டிலைத் தொடவில்லை. நிப்பிளை மாற்றிப் பார்த்தேன். பவுடரை மாற்றிப் பார்த்தேன். ஸ்பூனில் புகட்டினால் பாதி கழுத்தில் வழிந்தது. மீதியைக் கக்கினாள். மூன்றாவது வாரத்தில் அழக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மனைவியின் அக்கா தினமும் வந்து பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போகிறவர், அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

"பாட்டில் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா மாப்ள?"

"நீங்க குடுத்தா மட்டும் குடிக்கிறாளாக்கா?"

"இல்லையே..." என்றார். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அது நடந்த அன்று காலை டாக்டரிடம் தூக்கிப் போனோம். அங்கே என்னை எல்லோரும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இங்க பாருங்க அப்பா, இன்னும் எடை இறங்கியிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் முயற்சி பண்ணுங்க. நாளைக்குக் காலைல ஏறலைன்னா அட்மிட் பண்ணிடலாம். மூக்கு வழியா ட்யூப் போடணும்."

"அதுக்கப்புறம் சரியாயிடுமா?"

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார். "முதல்ல ட்யூப் போடுவோம்."

மத்தியானம் அக்கா பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரக் கிளம்பினார். வீட்டில் நானும் மகளும் மட்டும். கதவைத் தாழிட்டேன். படுக்கையறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பாட்டிலில் பால் கலந்து, மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, அவள் உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். மறுபடி திருப்பினாள். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவளைக் கும்பிட்டேன். மூன்று வாரக் குழந்தையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்போதுதான் மனைவியின் போன் அடித்தது.

அதை நான் அணைத்து வைக்கவில்லை. தினமும் சார்ஜ் போடுவேன். ஏன் என்று கேட்காதீர்கள். திரையில் 'போன் அக்கா' என்று வந்தது. முதல் பிரசவக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சேவையில் மனைவி பதிந்திருந்தாள். அங்கிருந்து ஒரு நர்ஸ் மாதம் ஒரு முறை கூப்பிடுவார். மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாள். கால் வீங்குது அக்கா, புரண்டு படுக்க முடியலை அக்கா என்று ஒப்பிப்பாள். அவள் வைத்த பெயர்தான் போன் அக்கா. அவருக்கு நாங்கள் யாரும் தகவல் சொல்லவில்லை.

ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பாட்டில். விரல் நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"வாழ்த்துகள்! குழந்தை பொறந்தாச்சா? என்ன குழந்தை?"

"பொண்ணு," என்றேன். "அவ..."

மேலே சொல்ல முடியவில்லை.

"ஐயோ, அழாதீங்க. பால் குடிக்க மாட்டேங்குதா? முதல் குழந்தைக்கு இது சகஜம். நீங்க பதறுனா அதுவும் பதறும். மெதுவா மூச்சை விடுங்க."

மூச்சை விட்டேன். பால் குடிக்கவில்லை என்று நான் சொன்னேனா? யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. குழந்தையின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்தேன். நினைக்கும் நிலையிலா இருந்தேன்? யார் எது சொன்னாலும் செய்திருப்பேன்.

"கட்டில்ல இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. குழந்தையை உங்க பக்கம் பார்த்த மாதிரி போடணும். வயித்தோட வயிறு ஒட்டணும்."

நான் படுக்கவில்லை. மகளை மட்டும் கட்டில் நடுவில் என்னைப் பார்த்தபடி கிடத்திவிட்டு, விளிம்பில் பாட்டிலுடன் உட்கார்ந்தேன்.

க்ரீச்...

கட்டில் சத்தம் போட்டது. எனக்கு எதிர்ப்பக்கம். ஜன்னல் பக்கம்.

அது அவள் படுக்கும் பக்கம்.

"ம்... அப்படித்தான்," என்றார் போன் அக்கா. "முதுகுக்கு ஒரு தலையணை வச்சுக்கோங்க."

நீங்க, உங்க, படுங்க... இதில் ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? என்னிடம்தான் பேசுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா? ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க."

எனக்கு எதுவும் வலிக்கவில்லை.

"இல்லங்க, நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன்," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஹலோ? ஹலோ..."

"அவசரப்படாதீங்க. அது வாயை நல்லாத் திறக்கட்டும். முதல்ல தாடை படணும். கீழ் உதடு வெளிப்பக்கமா மடங்கி இருக்கணும். மூக்கு அமுங்காமப் பாத்துக்கோங்க."

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையைத் திருப்பினாள்.

ஜன்னல் பக்கம்.

வாயைத் திறந்தாள். மூன்று வாரமாக அவள் அப்படி வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் நின்றது.

க்ளக்... க்ளக்... க்ளக்...

விழுங்கும் சத்தம்.

என் கையைப் பார்த்தேன். பாட்டில் என் கையில்தான் இருந்தது.

"பாத்தீங்களா? பிடிச்சுக்கிச்சு!" போன் அக்கா சிரித்தார். "வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா? அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்க. இரைச்சல்ல நீங்க பேசுறது கேக்கலை."

எழுந்தேன்.

ஃபேனைக் குறைத்தேன்.

சொன்னால் செய்யத்தானே வேண்டும்...

திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றேன். சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

க்ளக்... க்ளக்...

பால் வாசனை. பவுடர் பால் இல்லை.

போன் அக்கா பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

பிறகு போன் ஓய்ந்தது. க்ரீச்... கட்டில் ஒரு தரம் அசைந்தது.

அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. அக்கா வந்து கதவைத் தட்டியபோதுதான் திரும்பினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயில் வெள்ளையாக ஒரு துளி. பாட்டிலில் பால் ஊற்றின அளவிலேயே ஆறிப் போய் இருந்தது. அக்கா பாட்டிலைப் பார்த்தார், குழந்தையின் வயிற்றைத் தொட்டார், என்னைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க மாப்ள?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மறுநாள் காலை எடை ஏறியிருந்தது. டாக்டர் இயந்திரத்தை ஒரு தரம் தட்டிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். "பலே அப்பா! என்ன மந்திரம் போட்டீங்க?" என்று முதுகில் தட்டினார். அன்று முதல் மகள் பாட்டிலிலும் குடிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் போனிலிருந்து போன் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் அவங்க வீட்டுக்காரர். நேத்து நீங்க பேசினீங்களே..."

"ஆமா, சொல்லுங்க! குழந்தை இப்ப நல்லாக் குடிக்குதா?"

"குடிக்குது. நேத்து... யார்கிட்ட பேசினீங்க?"

"இதென்ன கேள்வி? உங்க வீட்டம்மாகிட்டதான். பாவம், எடுத்ததுமே அழுதாங்க."

"நானும் பேசினேன். கேக்கலையா?"

"இல்லையே. ஆம்பளைக் குரலே கேக்கலை. அவங்கதான் கடைசி வரைக்கும் சந்தேகமாக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கடைசியா என்ன கேட்டா?"

"குழந்தையை என்கூடக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டாங்க. எங்கேன்னு சொல்லலை. தூரமாம். இப்ப வேணாம், மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் தாராளமாக் கூட்டிட்டுப் போங்கன்னேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அதுக்கு அவ?"

போன் அக்கா சிரித்தார்.

"போனை வைக்கும்போது எல்லாரும் 'வைக்கிறேன்'னுதானே சொல்வாங்க? உங்க வீட்டம்மா, 'சரிக்கா, அப்போ வரேன்'னாங்க."

மகள் இப்போது கொழுகொழுவென்று இருக்கிறாள். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைக்கிறார். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வா என்று சொல்லப் பயம். வராதே என்று சொல்ல மனம் இல்லை. ஒரே ஒரு முறைதான் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு மூன்று மாதம் முடிகிறது.