அஞ்சு பொட்டு வாங்கிய கம்பெனிகள்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, நீளமான நோட்டு ஒன்று வெகுகாலம் இருந்தது. சிவப்புத் துணி ஒட்டின அட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் பஜனைப் பாட்டு எழுதின நோட்டு என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். திறந்து பார்த்தால் பக்கத்துக்கு ஒரு கம்பெனி இருக்கும். நூல் மில், தேயிலைக் கம்பெனி, சர்க்கரை ஆலை, கரண்டுக் கம்பெனி. கம்பெனிப் பேருக்குக் கீழே வரிசையாகக் குங்குமப் பொட்டு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். திருமங்கலத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எடை போடுகிற வேலை. கொட்டை நீக்கிக் கட்டின பொதி எல்லாம் என் தராசில் ஏறி இறங்கித்தான் மில்லுகளுக்குப் போகும். இம்புட்டுப் பஞ்சு போகிறதே, அதை நூலாக்கி மில்லுக்காரன் சம்பாதிக்கிறது எல்லாம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரு நாள் எனக்கு யோசனை வந்தது. அடுத்த தெருவில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் இங்கிலீஷ் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர். அவரிடம் கேட்டேன்.

"ஷேர் வச்சிருக்கிறவங்களுக்குப் போகுது. வருஷா வருஷம் லாபத்தில பங்கு பிரிச்சு அனுப்புவாங்க. அதுக்குப் பேரு டிவிடெண்ட்."

"உக்காந்த இடத்துக்கா?"

"தபால்ல வரும்."

"எல்லாக் கம்பெனியும் அனுப்புமா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எது அனுப்பும், எது அனுப்பாதுன்னு தெரிஞ்சா நான் ஏன் அறுபது பிள்ளைகளோட கத்திக்கிட்டு இருக்கேன்?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் நோட்டு. பேப்பரில் கம்பெனிகளின் வருஷக் கூட்டத்துச் செய்தி வரும்போதெல்லாம் வாத்தியார் படித்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். தை பிறந்து பொங்கல் பூஜை முடிந்ததும் நோட்டை எடுத்து, அந்த வருஷம் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனிக்கு மட்டும் ஒரு பொட்டு வைப்பேன். கொடுக்காத கம்பெனியைக் குற்றம் சொல்லி ஒரு வரி எழுதமாட்டேன். அந்த வருஷத்து இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். இடைவெளி இல்லாமல் அஞ்சு பொட்டு சேர்ந்தால்தான் அந்த ஷேரை வாங்குவதைப் பற்றி நினைக்கலாம் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

பேப்பரில் வராத ஒரு சங்கதி எனக்குத் தராசடியில் கிடைக்கும். சில வியாபாரிகள் எடை கூடட்டும் என்று பஞ்சில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். நல்ல மில்லின் ஆள் பொதிக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் அப்போதே திருப்பிவிடுவான். ஏதோ மலிவாகக் கிடைத்தால் போதும் என்று ஈரத்தை ஏற்றிக்கொண்டு போகிற மில்லும் உண்டு. இதையும் அந்தந்தப் பக்கத்து ஓரத்தில் எழுதிவைப்பேன்.

என் மனைவிக்கு அண்ணன் ஒருவர், பரவையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எனக்கு மச்சான். வந்தால் நோட்டைப் புரட்டாமல் போகமாட்டார்.

"ஏன் மாப்ள, வருசா வருசம் ஊரான் வீட்டு மாட்டுக்கெல்லாம் பொட்டு வைக்கிறீங்களே, பால் யாரு கறக்குறது?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் மச்சான்."

"பாருங்க, பாருங்க. மாடு கிழடாயிரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அஞ்சு வருஷமாகியும் நான் ஒரு ஷேர்கூட வாங்கியிருக்கவில்லை. வாங்க என்னிடம் பணமும் பெரிதாக இல்லை.

அப்படி இருக்கையில்தான் என் தங்கச்சி புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மதுரையில் ரயில் வேலை. பத்து வயதில் ஒரே பெண். பிள்ளை அங்கேயே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் முதலாவதாகப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ரயில்வே வீட்டைக் காலி செய்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் விட்டுவிட்டு, எங்களோடு வந்து இருந்தாள். அவர் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த பணம் என்று ஆயிரத்தைந்நூறு ரூபாய் வந்தது. வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எழுமலைப் பக்கம் மானாவாரிக் காடு வாங்கலாம் என்றார் பெரியப்பா. வட்டிக்கு விடலாம் என்றார்கள் சிலர். பெண்பிள்ளைக்குப் படிப்பு போதும், நகை செய்து வைத்தால் நாலு வருஷத்தில் கல்யாணத்துக்கு ஆகும் என்றவர்களே அதிகம்.

எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு தங்கச்சி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்தப் பணத்தத் தொடக்கூடாது. இது கிடந்த இடத்துல கிடந்து வருசா வருசம் எம்பிள்ளைக்குப் போர்டிங் பீசு கட்டணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க."

"நான் கட்டுறேன் தாயி. எனக்கென்ன?"

"நீங்க கட்டுவீக. அண்ணியும் முகம் சுளிக்க மாட்டாக. ஆனா நாளைக்கே ஒரு மழை பெய்யல, ஆலை ஓடலன்னா, முதல்ல நிக்கிறது எம்பிள்ளை படிப்பாத்தான இருக்கும்? அவ டீச்சராகணும்ண்ணே. அம்புட்டுத்தான் எனக்கு."

அலமாரியைப் பார்த்தேன். முருகா, இதற்காகத்தான் அஞ்சு வருஷம் என்னைப் பொட்டு வைக்கச் சொன்னாயா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இங்கே என் தப்பு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முந்தி ஒரு புது நூல் மில் தொடங்கினார்கள். முருகப்பெருமானின் திருநாமத்தையே மில்லுக்கு வைத்திருந்தார்கள். ஷேர் விற்கிற காகிதத்தோடு ஒரு விபூதிப் பொட்டலமும் வரும். மச்சான்தான் அதற்கு எங்கள் பக்கத்து ஏஜெண்டு. நான் கார்த்திகைதோறும் திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே போய்வருகிறவன். அந்த விபூதியைப் பூசிக்கொண்டு, நோட்டில் அந்த மில்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒதுக்கினதோடு விட்டேனா? மேலே பிள்ளையார் சுழி போட்டு அதற்கு ஒரு பொட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி மூலைக்கு ஒரு பொட்டு. புதுக்கணக்கு நோட்டுக்குச் செய்கிற மாதிரி. வேறு எந்தக் கம்பெனிப் பக்கத்துக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, எந்தெந்த ஷேர் என்று முடிவுகட்ட உட்கார்ந்தோம். வாத்தியார் வந்தார். மச்சானும் வந்திருந்தார். நான் நோட்டைப் பார்த்து நாலு கம்பெனியைச் சொன்னேன். ஒரு பழைய நூல் மில், ஒரு தேயிலைக் கம்பெனி, ஒரு கரண்டுக் கம்பெனி. நாலாவதாக முருகன் பேர் மில். அதில்தான் பாதிப் பணத்தைப் போடலாம் என்றேன். மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டார்.

தங்கச்சி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, இந்த மில்லு ஆரம்பிச்சு எத்தன வருசமாச்சு?"

"ரெண்டு."

"இதுவரைக்கும் டிவிடெண்டு எத்தன தடவ குடுத்தாக?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான்தான் சொன்னார்: "இனிமேத்தான் குடுப்பாக."

"அப்ப இந்த அஞ்சு பொட்டு ஏதுண்ணே?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு பேப்பரை மடித்தார். எனக்குக் காது சுட்டது. பக்கம் பார்க்கச் சிவப்பாக நிறைந்து கிடந்தது, என் மனசும் அதை நிறைந்ததாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. பக்கத்து ஓரத்தில் என் கையாலேயே 'ஈரம் பார்ப்பதில்லை' என்று எழுதியிருந்தேன். அதையும் அவள் விரலை வைத்துப் படித்தாள்.

"அது சாமிக்காக வச்ச பொட்டு தாயி," என்றேன்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "முருகனையே தள்ளி வைக்கிறியாம்மா?"

"முருகன யாரு தள்ளுனா மச்சான்? அவரு குன்றத்துல இருக்காரு, நான் போயிக் கும்பிட்டுக்கிறேன். மில்லுல இருக்கிறது மேனேசருதான?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. தங்கச்சியின் பணம் முழுவதும் மற்ற மூன்று கம்பெனிக்குப் போயிற்று. நானோ ரோஷத்தை விடவில்லை. என் கையிலிருந்த இருநூறு ரூபாயை முருகன் பேர் மில்லில் போட்டேன். அதற்கு மூன்றாம் வருஷம் அந்த மில்லின் வாசலில் பூட்டுத் தொங்கியது. மச்சானும் தன் பணத்தைப் போட்டிருந்தார், பாவம். எனக்கு முருகன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் என்னை ஷேர் வாங்கச் சொல்லவே இல்லையே. அந்தக் கார்த்திகைக்கும் நடந்தே போனேன்.

முதல் டிவிடெண்ட் தபாலில் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். தபால்காரர் என்னிடம் நீட்டினார். "என் பேர்ல இல்லய்யா, உள்ள இருக்காக," என்று தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைப் பணமாக்க மதுரைக்கு நானே போய்வருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். பாங்கில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பார்ட்டி யாரு?"

"நான்தான்," என்றாள் தங்கச்சி.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பீசைக் கட்டினாள். நான் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றுகொண்டேன். ரசீதை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு அவள் வந்த நடையைப் பார்த்தேன். என் வாழ்நாளில் எனக்கு அத்தனை பெருமை வேறெதிலும் வந்ததில்லை.

எல்லா வருஷமும் அப்படியே போய்விடவில்லை. நூல் விலை படுத்த ஒரு வருஷம், அந்தப் பழைய மில் ஒன்றும் கொடுக்கவில்லை. நோட்டில் இடம் காலியாக விழுந்தது. பிள்ளைக்கு அப்போது மேல் வகுப்பு, பீசும் கூடியிருந்தது. பொட்டு வரிசை அறுந்துவிட்டதால், என் விதிப்படி விற்றுவிட வேண்டியதுதான். விற்றுவிடலாம் என்றுதான் சொன்னேன். மச்சானும் அதையே சொன்னார். தங்கச்சி வாத்தியாரிடம் மில்லின் வருஷ அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த மில்லு ஆளு இப்பவும் ஈரப் பஞ்சத் திருப்பி விடுறானா?"

"நேத்துக்கூட நாலு பொதியத் திருப்பிட்டான்."

"விக்க வேணாம். இருக்கட்டும்."

அந்த வருஷப் பீசுக்குக் காதில் கிடந்த தோட்டை விற்றாள். நானும் மனைவியும் எவ்வளவோ சொல்லியும் எங்கள் கையால் ஒரு காசு வாங்கவில்லை. மறு வருஷம் மில் பழையபடி கொடுத்தது. உலகச் சண்டை வந்து துணிக்கு ஊரெல்லாம் அலைந்த காலத்தில் இரண்டு மடங்கு கொடுத்தது.

பிள்ளை டிரெயினிங் முடித்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த வருஷத்துத் தைக்கு மச்சான் வந்தார். வந்தவர் நோட்டைப் புரட்டவில்லை. வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"மாப்ள, அந்த லிஸ்ட கொஞ்சம் எழுதிக்கிடலாமா?"

"நோட்டு இப்ப எந்தங்கச்சிது மச்சான். அதுகிட்டக் கேளுங்க."

"எழுதிக்கங்க மச்சான்," என்றாள் தங்கச்சி. "ஆனா அஞ்சு வருசம் நீங்களே பாத்துட்டு வாங்குங்க. மாடு கிழடாகாது."

மச்சான் வெற்றிலைச் சாறு புரையேறச் சிரித்தார்.

பூஜை முடிந்ததும் நோட்டை எடுத்தோம். அத்தனை வருஷமும் தங்கச்சி கம்பெனிப் பேரைப் படிப்பாள், பொட்டு வைக்கிறது நான். கட்டினவர் போனபிறகு அவள் குங்குமச் சிமிழைத் தொட்டதில்லை. தொடச் சொல்ல எங்களுக்கும் தோன்றியதில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது, நானும் அதற்குள்ளேயே கிடந்தவன்தான். அன்றைக்கு என்னவோ சிமிழை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீ வை தாயி."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தாள்.

"வை ஆத்தா. உன் கம்பெனிதான," என்றாள் என் மனைவி.

முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி மோதிர விரலைச் சிமிழில் தொட்டு, பழைய மில்லின் பக்கத்தில், கடைசிப் பொட்டுக்கு அடுத்து அழுத்தி வைத்தாள். பிறகு விரலைத் துடைக்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.