என் நான்கு மாதம் பத்து நாள்

என்னைப் பார்த்துப் பாவப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை, கடையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே மவுத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்த அன்றே நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அவன் வீட்டிலேயே தங்க வேண்டும், அலங்காரம் கூடாது, மறுமணப் பேச்சு கூடாது. இது எங்களுக்கு அல்லாஹ் போட்ட கட்டளை.

வீடு மதுரையில் பழைய டவுனுக்குள், ஆட்டோ நுழையாத சந்தில். மாமனார் விட்டுப்போன வீடு. கீழே மாமி, என் கணவரைப் பெற்றவர். மேலே இரண்டு அறையில் நாங்களும், பிளஸ் டூ படிக்கிற மகளும். என் தையல் மிஷினும் அங்கேதான். கணவரின் அண்ணன், என் மச்சான், கே.கே. நகரில் சொந்த வீடு கட்டிப் போய் ரொம்ப நாளாகிறது. அடக்கத்தன்று மாடிப்படி முடிகிற இடத்தில் பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு ஆணி அடித்தவர் அவர்தான். "தம்பி பொண்டாட்டி நெழலுகூட இந்தத் திரையத் தாண்டக் கூடாது. மார்க்கம் மார்க்கம்தான்" என்று சந்தே கேட்கச் சொன்னார்.

மாமி தன் பங்குக்குக் கண்ணாடியை மூடினார். மொட்டை மாடிக்குப் போகாதே, வானத்தைப் பார்க்காதே என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பை நானாகவே இரண்டு தடவை படித்து முடித்திருந்தேன். வானத்தைப் பற்றி அதில் அப்படி ஒன்றும் இல்லையே என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். அவர் சின்ன வயசுக்காரர். சிரித்துவிட்டார். "வானத்துக்கு முன்னாடி பர்தா கெடையாதும்மா. போய்த் துணியக் காயப் போடுங்க" என்றார். மருத்துவமனைக்கோ, தலைபோகிற வேலைக்கோ பகலில் போய் வரலாம் என்பதையும் அவரே சொன்னார். பாதி விலங்கை மனுஷர்கள் செய்து மாட்டுகிறார்கள். பழி மட்டும் மேலே போகிறது.

பரவை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்கிற தோழி ஒருத்தி வாரா வாரம் காய் கொண்டுவருவாள். விவசாயக் குடும்பம். அவளும் கணவனை இழந்தவள். திரையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது, ஜெயிலு மாதிரி. எனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுச்சு, பதினேழாம் நாள் வெடிய மார்க்கெட்டுல நின்னேன். அழுக வந்தா தக்காளிக் கூடைக்குள்ள குனிஞ்சுக்கிருவேன்."

"நீ கெட்டிக்காரி."

"கெட்டிக்காரி இல்லக்கா. வேற வழியில்ல."

அப்போது எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. அவளுக்காவது காற்று உண்டு, நான் அடைந்து கிடக்கிறேனே என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாவது வாரம் உறவுக்காரர் ஒருவர் வந்தார். திருநகரில் ஒருவர் இருக்கிறார், மனைவி இல்லை, சொந்த வீடு என்று மெல்ல ஆரம்பித்தார். "இத்தால இருக்கேன். இப்ப அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நானாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் புத்தி சொல்லியிருப்பார். கட்டளை சொன்னதும் கப்சிப். முதன்முதலாக எனக்கு அது பிடித்துப் போனது.

கணவருக்காக நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்த மறுநாள் காலை, சந்து முனையில் லோடு வண்டி வந்து நின்றது. மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"ஏம்மா, மேல் வீட்ட ஜவுளிக் குடோனுக்குக் கேக்குறாங்க. ஒண்ணாந்தேதி சாவி குடுக்கணும். நீயும் புள்ளையும் திருமங்கலத்துல ஒங்க அண்ணன் வீட்டுல இருங்க. வண்டி கொண்டாந்திருக்கேன்."

என் மகளுக்குப் பொதுத்தேர்வு தொடங்க இருபது நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம். என் அண்ணன் வீட்டில் ஆறு பேருக்கு ஒரே அறை. போனால் திரும்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"மச்சான், இத்தால இருக்குறவ வீட்ட விட்டுப் போகக் கூடாது. நீங்கதான் ஆணி அடிச்சீங்க."

"அது... பகல்ல போயிட்டு வரலாமுல்ல."

"போயிட்டு வரலாம். போயிர முடியாது. நான் போகவும் கூடாது, என்னய யாரும் அனுப்பவும் கூடாது. ரெண்டும் ஒரே கட்டளை."

"அம்புட்டு மார்க்கம் பேசுறியா நீயி? ஒங்க அண்ணன் வீட்டுலயும் இத்தா இருக்கலாம்."

"இருக்கலாம், இந்த வீடு இடிஞ்சு விழுந்தா. இடிஞ்சிருச்சா மச்சான்?"

கீழே யாரோ சிரித்தார்கள். மச்சானுக்குக் குரல் ஏறியது. "ஹஜ்ரத்தக் கேப்போமா?"

"கேளுங்க. ஸ்பீக்கர்ல போட்டே கேளுங்க. அன்னைக்குச் சந்தே கேக்கத்தானே சொன்னீங்க."

அவர் போனை எடுத்தார், போடவில்லை. வண்டிக்காரர் கீழேயிருந்து கத்தினார். "அண்ணே, ஏத்தவா வேணாமா? இன்னொரு லோடு நிக்குது."

அதற்குப் பதில் சொன்னது மாமி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர், பாதியில் நின்று, "இங்க ஏத்துறதுக்கு ஒண்ணுமில்லப்பா, நீ போ" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "நீயும்தான். செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கு" என்றார். வானத்தைப் பார்க்காதே என்ற அதே மாமி. மனுஷர்களை ஒரே பையில் போட்டுக் கட்ட முடிவதில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் தூங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கம். அழுகை வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். என்ன ஆச்சு, சீக்கிரம் தேறு என்று விரட்ட யாருக்கும் உரிமை இல்லை. மகள் காலையில் நடந்துபோய்ப் பரீட்சை எழுதினாள். மத்தியானம் வந்து கேள்வித்தாளை என் மடியில் போட்டாள். தோழி வந்தபோது வண்டி வந்த கதையைச் சொன்னேன். அவள் முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். பிறகு, "என்னய யாருமே உக்காருன்னு சொல்லலக்கா" என்றாள். அன்று அவள் போக நேரமாயிற்று. அவள் அழுதாள், நான் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் என்னிடம் வந்து, கடவுள் எதற்கு இத்தனை 'கூடாது' போடுகிறார், பெண்களைப் பூட்டத்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பூட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கதவுக்கு அது உள்பக்கத்துத் தாழ்ப்பாள். வெளியே நின்று தட்டியவர்கள் யார் யாரென்று நான் பார்த்தேன். என்னைப் படைத்தவன் என்மேல் பிரியம் இல்லாதவனாக இருந்தால், அந்த நாற்பத்தோராவது நாளை எனக்காக முன்கூட்டியே யோசித்திருப்பானா? என்னைப் பார்த்து இரக்கப்படுவதானால், தக்காளிக் கூடைக்குள் குனிந்து அழுதவளுக்காகவும் கொஞ்சம் இரக்கப்படுங்கள். அவளைத் தடுக்க ஒரு கட்டளையும் இல்லை. அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது?

இத்தா நாள் முடிந்தது. தலைக்குக் குளித்தேன். சாயங்காலம் மச்சான் பழப் பையோடு வந்து, கீழே மாமியின் அறையில் உட்கார்ந்தார். நானும் மகளும் இறங்கிப் போனோம்.

"சரிம்மா, இனி என்ன செய்யப் போற?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இங்கதான் இருப்போம் மச்சான். இது இவளப் பெத்த அத்தாவோட வீடும்தான். குடோனுக்கு வேற எடம் பாருங்க."

"அவசரப்படாத. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. நாலு மாசம் பத்து நாளா அதத்தான் செஞ்சேன்."

அவர் மாமியைப் பார்த்தார். மாமி நிமிரவில்லை. டீயை ஆற்றி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.