ஈஸ்வரன் முதலில் திறப்பது

ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, உள்ளே நுழையாமல், குனிந்தவாக்கிலேயே திரும்பி எதிர்க்கடையைப் பார்ப்பார் ஈஸ்வரன். அங்கே விளக்கு எரிந்தால் அன்றைக்கு முழுக்க முகத்தில் கடுகு வெடிக்கும். எரியாவிட்டால் மீதி ஷட்டரை ஊருக்கே கேட்கிற மாதிரி தூக்குவார்.

போடியில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அவருடைய கம்ப்யூட்டர் கடை. மலைக்குப் புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் ஆதாரை ஸ்கேன் பண்ணித் தோட்ட ஆபீசுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறவேண்டும். விடிந்ததும் விடியாததுமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் சிலமலை ஊர்க்காரர் செல்லத்தாய். ஜீப்பு யாருக்காகவும் காத்திருக்காது.

எதிரே வினோத்குமார் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுடைய கம்ப்யூட்டர் பொத்தானைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். ஈஸ்வரனுடையது பழசு; எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் ஜீப்பு ஹார்ன் அடித்துவிடும். ஒருநாள் செல்லத்தாய், "தப்பா நெனைக்காதீக அண்ணே, வண்டி கிளம்பிரும்" என்று ஆட்களோடு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். அன்று ஈஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. செல்லத்தாய் போனால் ஜீப்பு ஸ்டாண்டே பின்னால் போய்விடும்.

புதுசு வாங்க வழியில்லை. தேடிப்பிடித்து ஒரு மென்பொருளைப் போட்டார். காலையில் நாம் வழக்கமாக முதலில் எதைத் திறக்கிறோம் என்று அது கவனித்துக்கொள்ளும். மறுநாள் கம்ப்யூட்டர் எழும்போதே, நாம் கேட்பதற்கு முன்பே, அதை டிஸ்கிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருக்கும். தெருமுனையில் ஆளைக் கண்டதுமே டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதுபோலத்தான். இனி வினோத்குமார் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று மனைவி பவித்ராவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

நாள்கள் போயும் ஸ்கேனர் புரோகிராம் அசைந்தாடியேதான் வந்தது. ஆனால், இன்டர்நெட் மேப்பில் எதிர்க்கடைக்கு ஆட்கள் மதிப்பெண் போடும் பக்கம் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பவித்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுமேல என்ன குத்தம்? தெனமும் மொதச் சோலியா அவனுக்கு யாரு நட்சத்திரம் போட்ருக்காகன்னுதான பாக்குறீக. அது அதத்தான் வெரசா கொண்டாருது."

ஈஸ்வரனுக்கு முகம் சுருங்கிப்போனது. தன் பொறாமையைப் பெட்டிகூடப் படித்துவிட்டதே என்றிருந்தது. மறுநாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேனரையே முதலில் திறந்தார். மவுஸ் மேப்பின் பக்கம் ஓடும், இழுத்துப் பிடிப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்யூட்டரும் திருந்தியது.

ஒரு காலையில் செல்லத்தாயை வழிமறித்து, "இன்னைக்கி ஒரு நா மட்டும் இங்க வா ஆத்தா" என்றார். எல்லாருடைய ஆதாரும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப்பு டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்லத்தாய்க்கே ஆச்சரியம். "நாளைக்கும் இங்கயே வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறினார். எதிர்க்கடையில் வினோத்குமார் தனியாக உட்கார்ந்திருந்தான்.

ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் பக்கம் கிளம்பியது. ஈஸ்வரன் ஸ்கேனர் மூடியை ஒரு தடவை துடைத்தார். பவித்ரா வாசல் தெளிக்கத் திரும்பியதும், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடையின் நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினார்.